மூன்று பக்கெட் பச்சைத் தண்ணீர்

விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு கையிலும் வெந்நீர்ப் பக்கெட்டோடு மாடி ஏறுகிறவளைப் பார்த்து, "என்ன, சௌக்கியமா?" என்று கேட்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. என்னிடம் கேட்டால் நறுக்கென்று நாலு வார்த்தை விழும். பெரியக்காவிடம் கேட்டால், "இருக்கேன்ப்பா, உசுரோட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைப்பாள். அவள் பேச்சு அவ்வளவுதான். அவளுக்கும் சேர்த்து நான் பேசினேன். அதனால்தான் இல்லத்தில் எனக்குப் பட்டாசு என்று பேர் வைத்தார்கள்.

எங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் படுத்த படுக்கையானவர்கள். எலும்பு முறிந்து சேராதவர், கை கால் விழுந்தவர், கவனிக்க வீட்டில் ஆள் இல்லாதவர். எங்கள் மாடியில் பதினெட்டுக் கட்டில். நானும் பெரியக்காவும் இன்னும் மூன்று பேரும் ஆயாக்கள். குளிப்பாட்டுவது, துடைப்பது, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போடுவது எங்கள் வேலை. குளியலறை இரண்டாவது மாடியின் ஒரு கோடியில் இருக்கிறது. வெந்நீர் கொதிக்கிற அண்டா கீழே, அடுப்படியில். நடுவில் நாற்பத்து நாலு படி. லிஃப்ட் உண்டு, ஆனால் அது ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். பக்கெட்டை ஏற்றினால் தண்ணீர் சிந்தி மோட்டார் கெட்டுப்போகுமாம். ஆயாவின் இடுப்புக்காக அந்தக் கவலையை யாரும் படவில்லை.

பெரியக்கா பதினாறு வருஷம் அந்தப் படிகளில் ஏறினவள். கடைசி நாலு வருஷம் அவள் ஏறியதற்குக் காரணம் சம்பளம் மட்டும் இல்லை. பதினொன்றாம் நம்பர் கட்டிலில் அவள் வீட்டுக்காரர் படுத்திருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அக்கா புருஷன் என்பதால் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். இல்லத்தில் ஒரு விதி உண்டு. இங்கே வேலை பார்க்கிறவரின் வீட்டாளுக்கு ஒரு கட்டில் கொடுப்பார்கள். வேலை இருக்கும்வரை கட்டில் இருக்கும். வேலை நின்றால் அந்த மாசக் கடைசியில் கட்டிலும் போய்விடும். அக்கா குடியிருந்ததோ வெளியே ஒரு வீட்டின் மொட்டைமாடியில் ஒற்றை அறை. அதற்கு ஏறுவது இரும்புச் சுருள் படி. அதில் ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு போவதே கஷ்டம், ஆளை எப்படித் தூக்கிப் போவது?

இதற்கு நடுவில் அவள் முதுகு கெட்டுப்போனது. வெளியே ஒரு டாக்டரிடம் காட்டினாள், நான்தான் கூடப் போனேன். முதுகுத்தண்டில் சவ்வு பிதுங்கியிருக்கிறது, பாரம் தூக்காதீர்கள் என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்ததும் ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு, மேலே யூனிஃபார்ம் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதடி" என்றாள். "உன் வாய்க்குப் பூட்டு போடு. முதுகு போனா வேலை போகும். வேலை போனா அவரை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

நான் மூச்சு விடவில்லை. வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் மாடியில் சோலார் வந்தது. யாரோ புண்ணியவான் நன்கொடை. மொட்டைமாடி முழுக்கக் கறுப்புக் கண்ணாடிக் குழாய்களை வரிசையாகச் சாய்த்து வைத்து, மேலே ஒரு பெரிய தொட்டியைப் படுக்கப் போட்டிருந்தார்கள். மாட்டிய சோலார்க்காரர் எங்களை எல்லாம் மேலே கூப்பிட்டு விளக்கம் சொன்னார். கலகலப்பான மனுஷன். வெயில் விழுந்ததும் குழாய்க்குள் தண்ணீர் சுடும், சுட்டது தானாகத் தொட்டிக்கு ஏறும், காஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம் என்றார். தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குழாயைத் திறந்து காட்டினார். ஆவி பறந்தது. அங்கிருந்து பைப் வடக்குச் சுவரோரமாக இறங்கி, அடுப்படியைத் தொட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மறுகோடியில் எங்கள் குளியலறைக்கு ஏறியது. அங்கே பழைய நீலக் குழாய்க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்புக் குழாய் முளைத்தது. அக்கா அதை ஒரு துணியால் துடைத்தாள். புதுக் குழாயில் துடைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் துடைத்தாள்.

"இனிமே இந்த நாற்பத்து நாலையும் ஏற வேணாம்டி" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்குச் சிவப்புக் குழாயைத் திறந்தோம். பச்சைத் தண்ணீர். ஒரு பக்கெட் நிறைந்தது, அப்போதும் பச்சைத் தண்ணீர்தான். இரண்டாவது பக்கெட்டைப் பாதி பிடிப்பதற்குள் எங்கள் மேடம் வந்துவிட்டார். இல்லத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் சொட்டு மேடம்.

"மூடு, மூடு. சுடவே இல்லையே, எதுக்கு இப்படித் திறந்து விட்டிருக்கீங்க?"

மூடினோம். கீழே போய் அண்டாவிலிருந்து மொண்டுகொண்டு வந்தோம். மேடம் போன் பண்ணியதும் சோலார்க்காரர் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். நாங்கள் மேலே போவதற்குள் அவர் சிவப்புக் குழாயைத் திறந்துவிட்டு, யாரோடோ கைப்பேசியில் பேசிக்கொண்டு நின்றிருந்தார். நான் கையை நீட்டினேன். சுரீரென்று சுட்டது.

"நல்லாத்தானே வருது?" என்றார். "எத்தனை மணிக்குத் திறந்தீங்க?"

"அஞ்சு மணிக்கு."

"காலையிலயா?" என்று சிரித்தார். "அந்நேரத்துக்கே வேணும்னா நான் சூரியனுக்குத்தான் போன் பண்ணணும்."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது. சமையற்காரர் அதற்கு ஒரு முடிவுரையே எழுதிவிட்டார். "சூரியனே இன்னும் எந்திரிக்கல, தண்ணி மட்டும் எப்படிம்மா சுடும்?" கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது! சோலார் என்றால் வெயில் இருக்கும்போதுதான் வெந்நீர் என்று எங்கள் இல்லத்தில் முடிவாகிவிட்டது. மத்தியானம் பாத்திரம் கழுவ அடுப்படியில் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். எங்களுக்கு அண்டாதான்.

நான் மேடத்திடம் போய், குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். எட்டு மணிக்கு டாக்டர் வருவார், அதற்குள் எல்லோரும் குளித்திருக்க வேண்டும், அட்டவணை கமிட்டி போட்டது, அதில் நான் கை வைக்க முடியாது என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

இப்படியே ஐந்து மாசம் போனது. அக்கா ஒரு கைக்கு ஒரு பக்கெட் என்பதை விட்டுவிட்டு ஒற்றைப் பக்கெட்டாகத் தூக்க ஆரம்பித்தாள். அப்படியென்றால் இரண்டு மடங்கு நடை. முதல் திருப்பத்தில் நிற்பாள். சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். நான் என் பக்கெட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் அவளுடையதை வாங்கினால், "போடி, யாராவது பார்த்துடப் போறாங்க" என்று பிடுங்கிக்கொள்வாள். எனக்கும் என்ன இருபது வயசா? ஏழு மணிக்குப் பதினெட்டாவது ஆளைத் துடைத்து முடிக்கும்போது, படுத்திருக்கிறவரைத் தள்ளிவிட்டு அந்தக் கட்டிலில் நாமே படுத்துவிடலாமா என்றிருக்கும். இதில் வருஷாந்திரப் பரிசோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இல்லத்து டாக்டர் ஆயாக்களைக் குனியச் சொல்வார், நிமிரச் சொல்வார், ஒரு ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொல்வார். அக்கா தினமும் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வலிக்காத மாதிரி குனிந்து நிமிரப் பழகிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது நீலக் குழாயின் வாஷர் போய்விட்டது. கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். வெந்நீரை விளாவப் பச்சைத் தண்ணீர் வேண்டுமே? சிவப்புக் குழாயில்தான் காலையில் பச்சைத் தண்ணீர் வருமே என்று அக்கா அதைத் திறந்து பக்கெட்டை வைத்தாள். நான் அண்டாவுக்கு இறங்கினேன்.

அன்றைக்கு அடுப்படியில் கூட்டம். நான் திரும்பி வர நேரமாகிவிட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தாழ்வாரத்தில் கால் வைத்தால் ஈரம்.

"அக்கா! குழாய மூடுக்கா! சொட்டு மேடம் பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் பிழிஞ்சு காயப்போட்டுடும்!"

உள்ளே போனேன். அக்கா பாதி குனிந்தபடி துண்டு மாட்டும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கெட்டைத் தூக்கக் குனிந்தவளுக்கு முதுகு அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. கைக்கு எட்டாத தூரத்தில் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அசைய முடியலடி" என்றாள்.

"இரு, இரு, பிடிச்சுக்கறேன்."

"காலு சுடுதுடி."

வலியில் உளறுகிறாள் என்று நினைத்தேன். "என்னக்கா?"

"தண்ணி. கால்ல சுடுது."

குழாய்க்கு அடியில் கையை நீட்டினேன். சுட்டது. பொறுக்க முடியாத சூடு. ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. என் பக்கத்தில் நாற்பத்து நாலு படி தூக்கி வந்த இரண்டு பக்கெட், அதில் ஆவி. குழாயிலும் ஆவி. எனக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அக்காவுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்டி" என்றாள். சிரித்ததில் முதுகு இழுத்து, "அம்மா" என்று கத்தினாள்.

சத்தம் கேட்டு மேடம் ஓடி வந்தார். தாழ்வாரத்துத் தண்ணீரைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தேன். மேடத்தின் கையை ஆயா பிடித்து இழுப்பதா? இழுத்தேன். அவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி வருது?"

"அஞ்சு மாசமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு மேடம். நம்ம தலைக்கு மேலயே கொதிச்சுக்கிட்டு இருந்திருக்கு. முதல்ல வர்ற ரெண்டு மூணு பக்கெட்தான் பச்சத் தண்ணி. அதுவரைக்கும் நாம யாரும் திறந்து வச்சதில்ல."

பெரியக்காவை ஸ்ட்ரெச்சரில் கீழே கொண்டுபோனோம். பதினாறு வருஷத்தில் அந்த லிஃப்டில் அவள் ஏறியது அன்றைக்குத்தான்.

அன்று மத்தியானம் சோலார்க்காரரை வரவழைத்தேன். தொட்டி ஃபிளாஸ்க் மாதிரி, ராத்திரி முழுக்கச் சூடு தாங்கும், பைப்பில் நிற்கிற மூன்று பக்கெட் தண்ணீர்தான் ஆறிப்போகும், அதைத் திறந்து விட்டுவிட வேண்டும் என்றார்.

"இதை ஏன் நீங்க அன்னிக்கே சொல்லல?"

"இது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்ம்மா."

"எங்களுக்குத் தெரியாது" என்றேன். "நீங்க சிரிச்சீங்க. சிரிச்சுட்டுப் போயிட்டீங்க." அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இல்லத்து டாக்டர் அக்காவின் பெல்ட்டைப் பார்த்தார். படம் எடுத்தார். இனி எப்போதும் பாரம் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதி மேடத்தின் மேஜைக்கு அனுப்பினார். அதைக் கமிட்டிக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாரம் தூக்காத ஆயா எதற்கு என்பார்கள். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அக்கா மருந்து மயக்கத்திலும் அதைத்தான் கேட்டாள். "அவரை எப்ப கொண்டுபோகச் சொன்னாங்க?"

நான் மேடத்தின் அறைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கதவைக்கூடத் தட்டவில்லை.

"அந்தச் சீட்டை அனுப்பிட்டீங்களா?"

"உட்காரும்மா."

"நான் உட்கார வரல. மூணு பக்கெட் தண்ணிய மிச்சம் பிடிக்கப் போய் ஒருத்தி முதுகே போச்சு. இப்ப அவ புருஷனையும் தெருவுல தள்ளப் போறீங்களா?"

மேடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த அம்மாளும் தூங்கி ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும்.

"நான் இங்க வந்த வருஷம் பதினோரு நாள் தண்ணி வரல" என்றார். "படுக்கையில இருந்தவங்களைத் துடைக்கக்கூட தண்ணி இல்ல. ரெண்டு பேருக்கு முதுகுப் புண்ணு சீழ் வச்சு, ரெண்டு பேருமே போயிட்டாங்க. அதுலேர்ந்து குழாய் திறந்திருக்குற சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு பதறுது. மூடுன்னுதான் வாயில வருது. திறந்து வையுன்னு சொல்லவே வராது."

நான் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வேலை அட்டவணையை எடுத்தார். பெரியக்கா பேருக்கு எதிரே 'குளியலறை, தண்ணீர்ப் பொறுப்பு' என்று எழுதினார். ஐந்து மணிக்குச் சிவப்புக் குழாயைத் திறப்பது, முதல் மூன்று பக்கெட்டைத் தரை துடைக்க எடுத்து வைப்பது, சூடு பார்த்து விளாவுவது, ஊற்றுவது. தூக்குவது மட்டும் மற்ற நாலு பேர். டாக்டர் சீட்டோடு இதையும் சேர்த்துக் கமிட்டிக்கு அனுப்பினார். கூடவே தன் கைப்பட ஒரு கடிதம். அதில் 'தவறு என்னுடையது' என்று எழுதியிருந்ததாகக் கேள்வி. கமிட்டி அடுத்த வருஷத்துப் பரிசோதனைவரை, அதாவது ஒரு வருஷத்துக்கு, சரி என்றது. அதற்குப்பின் என்ன என்று கேட்டதற்கு மேடம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்களுக்கெல்லாம் ஒரு வருஷம் என்பதே பெரிய விஷயம்.

மூன்று வாரம் கழித்துப் பெரியக்கா வேலைக்கு வந்தாள். நடை மாறியிருந்தது. இடது காலை இழுத்து வைத்தாள். அது இனி அப்படித்தான் என்றார் டாக்டர். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். மூன்று பக்கெட் பச்சைத் தண்ணீர் பிடித்தோம். நாலாவதில் ஆவி வந்தது. முதல் ஆளாக மாமாவையே கொண்டு வந்தோம்.

மாமா குளிக்கிற கதை ஒன்று இருக்கிறது. நோய்க்குப்பின் அவருக்கு மிஞ்சிய சொற்கள் நாலோ ஐந்தோதான். அதில் அதிகம் புழங்கியது 'போதும்'. குளியல் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு குவளை ஊற்றுவதற்குள் "போதும்" என்பார். மூன்றாவதை ஊற்றினால் இடது கையால் குவளையைத் தட்டிவிடுவார். குளிர்காலத்தில் உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும், அப்போதும் போதும்தான். லாரிக்காரருக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று நாலு வருஷமாகக் கேலி செய்திருக்கிறோம். அக்காகூட, "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்தே அவருக்குக் குளியல்னா வேப்பங்காய்" என்பாள்.

அன்றும் இரண்டாவது குவளையில், "போதும்."

"ஊத்துடி" என்றாள் அக்கா.

"போதும்" என்றார் மாமா. இடது கையை நீட்டிக் கதவுப் பக்கம் காட்டினார். கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது? தாழ்வாரம். அதைத் தாண்டினால் படிக்கட்டு. பிறகு அக்காவின் இடுப்பைக் காட்டி மறுபடி, "போதும், போதும்" என்றார். எங்களுக்குள் இருந்த ரகசியம் என்று நாங்கள் நினைத்தது அவருக்கு என்றைக்கோ தெரிந்திருக்கிறது.

அக்கா ஸ்டூலை முன்னால் நகர்த்தி, அவர் கையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"இங்க பாருங்க. குழாய்லயே வருது. யாரும் தூக்கிட்டு வரல. நான் படி ஏறலங்க."

அவர் கையை எடுக்கவில்லை. குழாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக முன்னால் நீட்டிக் கொடுத்தார். அக்கா உட்கார்ந்தபடியே ஊற்றினாள். ஒரு பக்கெட் தீர்ந்தது. இரண்டாவது தீர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வரிசையில் இன்னும் பதினேழு பேர் காத்திருந்தார்கள். நான் அடுத்த பக்கெட்டைப் பிடித்து வைத்தேன். மூன்றாவது பக்கெட்டும் பாதிக்குமேல் தீர்ந்தபிறகு கடைசியில் அக்காதான் சொன்னாள்.

"விரலெல்லாம் ஊறிப்போச்சுங்க. போதும்."